ஷோகேஸில் ஒரு ஸ்பேனர்

பட்டறைக்காரர் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தேடியது தன் ஸ்பேனரைத்தான். அது ஷோகேஸில் இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி மீன், இன்னொரு பக்கம் யாரோ எதற்கோ கொடுத்த கேடயம், இரண்டுக்கும் நடுவில் அட்டைப்பெட்டி. பெட்டியின் மேல்மூடியில் அரசாங்கம் ஒட்டிய சிவப்பு சீல் புதுக்கருக்குக் குலையாமல் அப்படியே இருந்தது.

"என்ன சார், இங்க வெச்சிருக்கீங்க?" என்றார் பட்டறைக்காரர், பதறிப்போய்.

"பின்ன? கவர்மெண்ட் குடுத்த பொருள் தம்பி. கண்ட இடத்துல போட முடியுமா?" என்றார் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற நூலகர். யாரும் அனாவசியமாகப் புத்தகத்தைத் தொட்டுவிடாமல் முப்பது வருடம் காவல் காத்தவர். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டிவி ரிமோட்டுக்கு உறை, அந்த உறைக்கு மேல் ஒரு பாலித்தீன் பை. சோபாவில் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் கீச்சென்றது, எழுந்தால் கூடவே எழுந்து வந்தது. அதனால் நூலகர் மட்டும் எப்போதும் மர நாற்காலியில்தான் உட்காருவார்.

பட்டறைக்காரர் ஏன் பதறினார் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு நட்டை முறுக்கக்கூட அயல்நாட்டுக் கருவியைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறதே என்று அரசாங்கத்துக்குத் திடீரென்று ரோஷம் வந்துவிட்டது. படுத்துக் கிடந்த கைக்கருவித் தொழிலைத் தூக்கி நிறுத்த ஒரு திட்டம் போட்டார்கள். தேறுகிற பட்டறைக்கு, இரும்புக்குப் பதம் ஏற்றும் மின்சார உலை ஒன்று இலவசம். தேறுவதற்குப் பரீட்சை ஒன்றுதான். பட்டறை செய்த கருவியை ஒரு சாதாரண வீட்டில் ஆறு மாதம் கொடுத்து வைப்பார்கள். பிறகு அதிகாரி வந்து பார்ப்பார். நன்றாகப் புழங்கியும் கருவி உறுதியாக இருந்தால் உலை வரும். பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தால், 'மக்களுக்குத் தேவைப்படாத கருவி' என்று முடிவு கட்டி, வரிசையில் அடுத்து நிற்கும் பட்டறைக்கு உலை போய்விடும்.

செய்தவர் அவ்வப்போது போய் எட்டிப் பார்க்கலாம். ஆனால் கருவியைத் தொடக் கூடாது. எடுத்துப் புழங்குங்கள் என்று சொல்லவும் கூடாது.

"வாயத் தொறந்தீங்க, லிஸ்ட்ல இருந்து பேர அடிச்சிடுவேன்" என்று அதிகாரி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொல்வதை எல்லாம் செய்கிறவர் என்று ஊரே சொன்னது.

அந்த உலை பட்டறைக்காரருக்கு எவ்வளவு முக்கியம் என்று அவர் மனைவியைக் கேட்டால் தெரியும். பட்டறை இருப்பது வீட்டுக்குப் பின்னால். இப்போதைய உலை ஒரு பழைய தகர டிரம். அது கக்குகிற புகையில், கொடியில் காய்கிற துணி எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். அந்த அம்மாள் வெள்ளைத் துணி வாங்குவதையே விட்டுப் பல காலம் ஆகிறது. சூடும் ஒரே சீராக ஏறாது. பார்த்துப் பார்த்துச் செய்த ஸ்பேனரில் பாதி, வாய் பிளந்துகொண்டு பழைய இரும்புக் குவியலுக்குப் போகும். புது உலை வரப்போகிற மூலையைப் பட்டறைக்காரர் ஏற்கெனவே கழுவிச் சுத்தம் செய்து வைத்திருந்தார். அங்கே யாரையும் செருப்போடு நிற்க விடுவதில்லை.

"சார்... வீட்டுல குழாய் கிழாய்னு ஏதாவது லேசா ஒழுகி..." என்று இழுத்தார்.

"ஒழுகறதா? எங்க வீட்டுலயா?" நூலகர் நெஞ்சை நிமிர்த்தினார். "கல்யாணமான நாள்லேர்ந்து இந்த வீட்டுல ஒரு ஆணி கழண்டதில்ல தம்பி. பொருளுக்கு மரியாதை குடுத்துப் பழகணும். என்னம்மா, நான் சொல்றது சரிதானே?"

தேநீர் கொண்டுவந்த வீட்டம்மா கோப்பையை வைத்துவிட்டு, "ஆறிடப் போவுது, குடிங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீடு திரும்பிய பட்டறைக்காரர் மனைவியிடம் புலம்பித் தீர்த்தார்.

"ஒரு வீட்டுல ஒண்ணுமே கெட்டுப் போகலன்னா என்னடி பண்றது? நம்ம தலையெழுத்து, ஊருல இருக்கற அத்தனை வீட்டையும் விட்டுட்டு அந்த வீட்டுலயா கொண்டுபோய்க் குடுக்கணும்?"

"தானா கழலலன்னா நீங்களே போய்க் கழட்டி விட்டுட்டு வாங்க" என்றாள் அவள், காய் நறுக்கியபடியே.

அவள் கேலியாகத்தான் சொன்னாள். பட்டறைக்காரர் அதை அசரீரியாக எடுத்துக்கொண்டார். ஸ்பேனரைத் தொடக் கூடாது என்றுதான் விதி. அவர்கள் வீட்டுக் குழாயைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

அடுத்த தடவை போனபோது இடுப்பில் ஒரு குட்டி ஸ்பேனரைச் செருகிக்கொண்டு போனார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய், வாஷ்பேசின் குழாயின் நட்டை நன்றாகத் தளர்த்திவிட்டார். தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அந்தச் சத்தம் அவர் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. தேநீரைக்கூட முழுசாகக் குடிக்காமல் வீட்டுக்கு ஓடினார்.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பிறகு போய், நலம்கூட விசாரிக்காமல் நேரே வாஷ்பேசினுக்குப் போனார். குழாய் கிண்ணென்று இருந்தது. அவர் தளர்த்துவதற்கு முன்னால் இருந்ததைவிட இறுக்கமாக இருந்தது. துள்ளிக் குதித்து ஷோகேஸுக்கு வந்தார். அங்கே பெட்டி, சீல் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

"சார், குழாய் ஏதோ ஒழுகிச்சாமே?"

"யார் சொன்னா?"

"இல்ல... பொதுவா... ஊருல எல்லா வீட்டுலயும் ஒழுகுதுன்னு பேசிக்கிட்டாங்க."

"ஊருல ஒழுகும். இங்க ஒழுகாது" என்றார் நூலகர். அவர் முகத்தில் பொய் இல்லை. பொய் சொல்கிற அளவுக்கு அவருக்குக் குழாயைப் பற்றி எதுவும் தெரியாது.

குழம்பிப்போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தவருக்குச் சுருக்கென்றது. சுவரில் ஓர் ஆணியில் பெரிய ஸ்பேனர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பொறித்திருந்த எழுத்து எந்த நாட்டு எழுத்து என்றே புரியவில்லை.

"அதுவா? என் மச்சினன் வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்தது" என்றார் நூலகர். "அத யாரு சீண்டறா? அதான் வெளியில கெடக்குது."

பட்டறைக்காரர் அந்தக் கடைசி வார்த்தைகளைக் காதில் வாங்கவே இல்லை. தன் ஸ்பேனர் வாழ வேண்டிய வீட்டில் ஒரு சக்களத்தி இருக்கிறாள் என்பது மட்டும்தான் அவர் மனதில் ஓடியது. குழாயை முறுக்கியது இதுவாகத்தான் இருக்கும். இது இருக்கிறவரை ஷோகேஸ் பெட்டியை யார் பிரிக்கப் போகிறார்கள்? கிளம்பும்போது அந்த வெளிநாட்டுக்காரியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். திருட்டு இல்லை, இரவல்தான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். போகிற போக்கில் ஜன்னல் கைப்பிடி, வெளிக்கதவின் கீல் இரண்டின் நட்டுகளையும் கழன்றுவிடும் அளவுக்குத் தளர்த்திவிட்டுப் போனார்.

"ஐயோ, இதென்ன கூத்து! நம்ம வீட்டுலயே ஸ்பேனர் மூட்டை மூட்டையாக் கெடக்கு, நீங்க போய் ஸ்பேனர் திருடிட்டு வந்திருக்கீங்களே!" என்று மனைவி தலையில் கை வைத்தாள். பிறகு அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "கனமா நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, பறக்காமல் இருக்கக் கொடியில் போர்வையின் ஓரத்தில் மாட்டிவிட்டாள்.

அடுத்த முறை போனபோது ஷோகேஸில் ஒரு பூட்டு தொங்கியது.

"காலம் கெட்டுக் கெடக்கு தம்பி" என்றார் நூலகர். "பின்னாடி மாட்டியிருந்த ஸ்பேனர எவனோ அடிச்சிட்டுப் போயிட்டான். அது போனாப் போவுது. இது கவர்மெண்ட் பொருளாச்சே! அதான் பூட்டிட்டேன். சாவி ராத்திரி பகல் எங்கிட்டதான் இருக்கும். குளிக்கப் போனாக்கூட சோப்பு டப்பாவுல வெச்சுக்கிட்டுதான் போவேன்."

பட்டறைக்காரர் நேரே ஜன்னலுக்குப் போனார். ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. வெளிக்கதவை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பூட்டின ஷோகேஸில் ஒரு ஸ்பேனர், கொடியில் போர்வையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அப்படியானால் இதை எல்லாம் யார் முறுக்கியது? இந்த வீட்டில் பேய் இருந்தால், அது உயிரோடு இருந்தபோது நல்ல பட்டறையில் வேலை பார்த்த பேயாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி, முகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்று வீட்டம்மா தேநீரை நீட்டினார்.

"ஒண்ணுமில்லம்மா. உங்க வீட்டுக் கதவு... நல்ல கதவு."

"ஆமா, நல்ல கதவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

இனி ஒரே வழிதான். திருடுபோன பொருள் திரும்பி வந்துவிட்டால் நூலகருக்குப் பயம் தெளியும், பூட்டைத் திறந்துவிடுவார். அடுத்த நாளே யாரும் பார்க்காத சமயமாக வெளிநாட்டு ஸ்பேனரை அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். மனைவியின் போர்வை பறந்து பக்கத்து வீட்டு மாடிக்குப் போனதுதான் மிச்சம்.

மறுபடி போனபோது ஷோகேஸில் இரண்டு பூட்டுகள் தொங்கின.

"பாத்தீங்களா தம்பி!" நூலகருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நான் பூட்டு போட்டேனா இல்லையா, திருடன் நடுநடுங்கிப் போய்த் திருப்பிக் கொண்டாந்து மாட்டிட்டுப் போயிட்டான்! ஒரு பூட்டுக்கே இந்தப் பயம்னா ரெண்டு பூட்டுக்கு எப்படி இருக்கும்? அதான் இன்னொண்ணும் போட்டுட்டேன்."

பட்டறைக்காரர் அன்றைக்குப் பட்டறைக்கு வந்து, உலைக்காகக் கழுவி வைத்திருந்த மூலையில் செருப்போடு போய் நின்றார். அதைப் பார்த்த மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"விடுங்க" என்றாள் மெதுவாக. "உலை வந்தா நல்லதுதான். வராட்டி என்ன, சாம்பல் கலர் நமக்கு நல்லாத்தானே இருக்கு."

அவள் அப்படிச் சொன்னதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு தடவையாவது, அதிகாரி கண் முன்னால் ஒரே ஒரு தடவையாவது, அந்தப் பெட்டியைத் திறக்க வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அதுவரை வாராவாரம் போய் எதையாவது தளர்த்திவிட்டு வந்தார்; அடுத்த வாரம் அது கிண்ணென்று இறுகியிருந்தது. அதிகாரி வருகிற நாளில் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். நூலகர் நல்ல சட்டை மாற்றிக்கொள்ள உள்ளே போயிருந்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. பட்டறைக்காரர் மண்டியிட்டு, நூலகர் வழக்கமாக உட்காரும் மர நாற்காலியின் காலில் இருந்த நட்டைத் தளர்த்தினார். நூலகர் உட்காருவார், நாற்காலி ஆடும். அதிகாரி எதிரிலேயே இருப்பார். வேறு வழியில்லாமல் பெட்டியைத் திறந்து, ஸ்பேனரை எடுத்து நூலகர் முறுக்குவார். முறுக்கியே ஆக வேண்டும். கணக்கு கச்சிதமாக இருந்தது.

அதிகாரி வந்தார். சோபாவைப் பார்த்தார். அதன் பிளாஸ்டிக்கைப் பார்த்தார்.

"நான் இதுலயே உக்காந்துக்கறேன்" என்று மர நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சார், வேண்டாம்!" என்று பட்டறைக்காரர் அலறியதும், நாற்காலியின் கால் ஒரு பக்கம் போனதும், அதிகாரி தரையில் உட்கார்ந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. அவரைத் தூக்கிவிடக் குனிந்த பட்டறைக்காரரின் இடுப்பிலிருந்து குட்டி ஸ்பேனர் நழுவி, டணார் என்று தரையில் விழுந்து, அதிகாரியின் காலடியில் போய் நின்றது.

அதிகாரி தரையில் இருந்தபடியே அதை உற்றுப் பார்த்தார்.

"ஸ்பேனர்!" என்று நூலகர் ஷோகேஸுக்கு ஓடினார். இரண்டு பூட்டையும் திறக்க முதல் சாவியை இரண்டாம் பூட்டிலும் இரண்டாம் சாவியை முதல் பூட்டிலும் போட்டுத் தடுமாறினார். ஒருவழியாகத் திறந்து பெட்டியை எடுத்தார். எடுத்த கை விருட்டென்று மேலே போயிற்று. அதில் கனமே இல்லை.

அதிகாரி எழுந்து, பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே பெட்டியை வாங்கினார். மேல்மூடியைப் பார்த்தார். "சீல் உடையல" என்றார். சீலைக் கிழித்து உள்ளே பார்த்தார். "பொருளும் இல்ல."

"எடுத்தது இவர்தான் சார்!" நூலகரின் விரல் பட்டறைக்காரரை நோக்கி நீண்டது. "வாராவாரம் வருவார். வந்ததும் குழாயத் தடவுவார், கதவ ஆட்டுவார். நான் என்னமோ அக்கறைன்னுல்ல நெனச்சேன்!"

"சத்தியமா இல்ல சார்! கீழ கெடக்கறது வேற ஸ்பேனர். அதுவும் நான் செஞ்சதுதான், ஆனா அது இது இல்ல, அதாவது நான் செஞ்ச அது பெட்டிக்குள்ள இருந்துச்சு, இது எங்கிட்ட இருந்துச்சு..."

"பெட்டியில இருந்த ஸ்பேனர் எங்கய்யா?" என்றார் அதிகாரி. அவர் சிரிக்கவில்லை. பட்டறைக்காரருக்கு உலையும் போயிற்று, மானமும் போயிற்று. கழுவி வைத்த மூலை ஒருமுறை கண்ணில் வந்து போனது. வீட்டுக்குப் போய் அவளிடம் என்ன சொல்வது என்றுதான் அழுகை வந்தது.

சத்தம் கேட்டு வீட்டம்மா சமையலறையிலிருந்து வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார். "அடடா" என்று அதைக் கவிழ்த்துப் போட்டார். உள்ளே போய், கைத்துண்டில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்து, வாயைத் திருகி அளவு பார்த்து, நட்டில் மாட்டி, நிதானமாக முறுக்கினார். நாற்காலியை நிமிர்த்தி வைத்து ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"இப்ப உக்காருங்க சார். ஆடாது."

மூன்று ஆண்களும் அவர் கையையே பார்த்தார்கள்.

"அம்மா, அதக் கொஞ்சம் குடுங்க" என்றார் அதிகாரி.

பட்டறைக்காரர் தன் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். கைப்பிடியில் இருந்த கறுப்புப் பூச்சு தேய்ந்து, பிடிக்கிற இடம் பளபளவென்று இருந்தது. அதிகாரி திருகைச் சுழற்றினார். வழுக்கிக்கொண்டு ஓடியது. வாயை அசைத்துப் பார்த்தார். துளி ஆட்டம் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சீல் அப்படியே இருக்கே. எப்படிம்மா எடுத்தீங்க?"

"அடிப்பக்கமாப் பிரிச்சு எடுத்துட்டு, கோந்து போட்டு ஒட்டி வெச்சேன் சார். வந்த வாரமே எடுத்துட்டேன். இவருக்குப் பெட்டி இருந்தாப் போதும்."

நூலகர் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஒட்டியது தெரியாமல் ஒட்டியிருந்தது. ஒரு பழைய புத்தகத்தைக்கூட அவரால் அவ்வளவு நேர்த்தியாக ஒட்ட முடியாது.

"ஆனா... நம்ம வீட்டுலதான் எதுவும் ரிப்பேரே ஆகாதே?" என்றார் பரிதாபமாக.

"ஆகாது" என்றார் வீட்டம்மா. "நீங்க உக்காருங்க."

நூலகர் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் கீச்சென்றது.

அதிகாரி ஸ்பேனரைக் கையில் வைத்து ஒருமுறை எடை பார்த்தார். பிறகு பட்டறைக்காரரின் தோளில் தட்டினார். இப்போது சிரித்தார்.

"நான் பாத்த வீடெல்லாம் பெட்டியே பிரிக்கல. ஒண்ணு ரெண்டு பிரிச்சாங்க, திருகு வழுக்கிடுச்சு. இது இவ்வளவு அடி வாங்கியும் கல்லு மாதிரி இருக்கு. ஒரு வீட்டுல இவ்வளவு வேலை செஞ்ச கருவிய நான் இன்னும் பாக்கல. உலைக்கு எடத்த ரெடி பண்ணுங்க."

"எடம் ரெடியாத்தான் சார் இருக்கு!" என்றார் பட்டறைக்காரர். இனி அவள் வெள்ளைத் துணி வாங்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். வாய் பிளந்த ஸ்பேனர்கள் இனிமேல் இல்லை. நூலகரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். நூலகருக்கு எதற்கென்று புரியாவிட்டாலும் பெருமையாகத்தான் இருந்தது.

"ஒரே ஒரு கேள்வி பாக்கிம்மா" என்றார் அதிகாரி, பேனாவைத் திறந்து. "எல்லா வீட்டுலயும் கேக்கறதுதான். இந்த ஸ்பேனருக்கு இவ்வளவு வேலை எப்படி வந்துச்சு? தெனமும் எடுப்பீங்களா?"

வீட்டம்மா தேநீர்க் கோப்பையைப் பட்டறைக்காரர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"தெனமும் எல்லாம் வேலை இருக்காது சார். இந்தத் தம்பி வந்துட்டுப் போற அன்னிக்கு மட்டும்தான்."